கெங்குவார்பட்டியில் ஒரு நீலக்கல்!

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால், வலது பக்கமே பார்த்துக்கொண்டு வாருங்கள். கொடைக்கானல் மலை கூடவே வரும். வழியில் கெங்குவார்பட்டி என்று ஓர் ஊர். கண்டக்டர் விசில் அடிப்பார். நாலு பேர் இறங்குவார்கள், இரண்டு பேர் ஏறுவார்கள். பஸ் கிளம்பிவிடும். நம்மில் பலருக்கு கெங்குவார்பட்டி என்றால் இவ்வளவுதான்!

ஆனால், இந்த மாதிரிப் பாறைகளைப் படிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் விஞ்ஞானியிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். மனுஷர் லண்டன்காரராக இருந்தாலும் சரி, ஜப்பான்காரராக இருந்தாலும் சரி, நிமிர்ந்து உட்காருவார். 1993-ல் மோகன், பிரையன் விண்ட்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சர்வதேச ஆய்விதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே நம்ம கெங்குவார்பட்டி இருக்கிறது. காரணம், அங்கே பாறைக்குள் இருக்கிற ஒரு நீலக் கனிமம். பெயர், சஃபிரின்.

நீலம் என்றதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இது மோதிரத்தில் பதிக்கிற நீலக்கல் அல்ல. நிறம் அதைப் போல இருப்பதால் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். கெங்குவார்பட்டிக் கல்லை நகைக்கடையில் கொடுத்தால், பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் என்ன விசேஷம்? அது பிறந்த இடம்தான் விசேஷம். சுமார் 55 கோடி வருஷங்களுக்கு முன்னால், கண்டங்கள் ஒன்றோடொன்று மோதி கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் உருவான காலம். இந்த வட்டாரப் பாறைகள் அப்போது பூமிக்குள் வெகு ஆழத்தில், சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்துகொண்டிருந்தன. பிறகு, சூடு ஆறுவதற்கு முன்பே மேல் நோக்கி வந்தன. பாதி வேக்காட்டில் அடுப்பிலிருந்து இறக்கிய பண்டம் மாதிரி, பழைய கனிமம் முழுசாக மாறி முடியவில்லை. அதைச் சுற்றிப் புதுக் கனிமம் ஒரு வளையமாகப் படிந்து அப்படியே நின்றுவிட்டது. அந்த வளையத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் பாறையின் ஜாதகத்தைக் கணித்தார்கள்.

கெங்குவார்பட்டி மட்டுமல்ல... நெல் வயலும் திராட்சைத் தோட்டமுமாக நாம் ரசிக்கிற கம்பம் பள்ளத்தாக்கே, பூமியின் பழைய விரிசல் ஒன்றோடு சம்பந்தப்பட்ட பள்ளம். விஞ்ஞானிகள் அதற்கு 'கம்பம் பிளவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதை ஒட்டிய பாறைகளில் உள்ள மோனசைட் என்ற கனிமத் துணுக்குகளை வைத்து வயது கணித்து, 2008-ல் ஓர் அமெரிக்க ஆய்விதழில் கட்டுரையும் வந்தது.

சரி, சஃபிரின் என்று ஒரு கனிமம் இருப்பதை உலகுக்கு முதலில் காட்டியவர் யார்? பெரிய விஞ்ஞானி என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை... ஒரு நாடக நடிகர்!

1791, செப்டம்பர் 30. வியன்னா நகரில் ஒரு தியேட்டர். மொஸார்ட் தானே முன்னால் நின்று இசைக்குழுவை நடத்த, அவருடைய 'மந்திரப் புல்லாங்குழல்' முதன்முதலாக அரங்கேறுகிறது. அதில் 'முதலாம் அடிமை' என்று ஒரு சின்ன வேஷம். அதைப் போட்டவர் கார்ல் லூட்விக் கீஸெக்கே. அந்தப் பெயர்கூட அவராகச் சூட்டிக்கொண்டதுதான். வீட்டில் வைத்த பெயர் மெட்ஸ்லர். சட்டம் படித்தார், பாதியில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார், நடித்தார், வசனம் எழுதினார். ஆனால், ஆசாமிக்கு உள்ளுக்குள் வேறொரு பைத்தியம் இருந்தது. கல் பைத்தியம்!

1800-ல் வியன்னாவை விட்டுக் கிளம்பினார். ஊர் ஊராகப் போய்க் கல் சேர்த்தார், விற்றார், கற்றுக்கொண்டார். கடைசியில் டென்மார்க் அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி, 1806-ல் கிரீன்லாந்துக்குக் கப்பல் ஏறினார். இரண்டு மூன்று வருஷ வேலை என்றுதான் கணக்கு. விதி வேறு கணக்குப் போட்டது. ஐரோப்பாவில் நெப்போலியன் யுத்தம். 1807-ல் இங்கிலாந்து கோபன்ஹேகன் மீது குண்டு வீசியது. அங்கே பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்த கீஸெக்கேயின் பழைய சேகரிப்பு அழிந்தது. திரும்ப வழியில்லாமல் 1813 வரை பனியிலேயே கிடந்தார் மனுஷர். ஆனால், சும்மா கிடக்கவில்லை. சுத்தியலும் கையுமாகக் கடற்கரை முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். ஃபிஸ்கநேசட் என்ற இடத்தில் அவருக்குக் கிடைத்த நீலக் கல்தான், 1819-ல் சஃபிரின் என்று பெயர் பெற்றது.

இதற்கு நடுவே ஒரு கூத்து நடந்தது. கிரீன்லாந்திலிருந்து அவர் அனுப்பிய கற்பெட்டிகள் யுத்த களேபரத்தில் கடலில் பிடிபட்டு, ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. 1808-ல் ஏலத்துக்கு வந்தன. யாருடையது, எந்த ஊர்க் கல் என்று யாருக்கும் தெரியவில்லை. வெறும் கல்லை யார் எடுப்பார்கள்? தாமஸ் ஆலன் என்ற எடின்பரோ பேங்கர் ஒரு நண்பரோடு சேர்ந்து 40 பவுண்டுக்கு எடுத்தார்.

நான் பி.காம். படித்தவன். ஒரு பேங்கர், கணக்கில் எழுதவே முடியாத ஒரு சரக்கை எந்த தைரியத்தில் வாங்கினார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பெட்டியைத் திறந்தால், உள்ளே ஐஸ்கட்டி போல வெள்ளையாக நிறைய கிரையோலைட்! அன்றைக்கு அது கிரீன்லாந்தில் மட்டுமே கிடைப்பதாகத் தெரிந்திருந்த அபூர்வக் கல். அதை வைத்துத்தான் 'இது கிரீன்லாந்துச் சரக்கு' என்று ஆலன் புரிந்துகொண்டார். ஊர் தெரிந்த அந்த நிமிஷத்தில், 40 பவுண்டு மூட்டை பொக்கிஷமாக மாறிவிட்டது. அதே குவியலில் இருந்த ஒரு கறுப்புக் கல் புதுக் கனிமம் என்று தெரியவர, அதற்கு ஆலன் பெயராலேயே 'ஆலனைட்' என்று பெயர் வைத்தார்கள். நம்ம கீஸெக்கே 1813-ல் பிரிட்டன் வந்து இறங்கியபோது, தன் கல்லை வாங்கிய ஆலனையே சந்தித்து நண்பராகிவிட்டார்! அதே வருஷம் டப்ளினில் கனிமவியல் பேராசிரியர் வேலையும் கிடைத்தது. முதலாம் அடிமை, புரொபசர் ஆனார்!

ஆலனின் சேகரிப்பு கைமாறி, 1860-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. அங்கே அதற்கு அரை நூற்றாண்டு முன்பே வேறொரு பிரமாண்டமான கல் சேகரிப்பு வந்து உட்கார்ந்திருந்தது. அதற்குள் நம்ம ஊர்க் கல்லும் இருந்தது.

அதைச் சேர்த்தவர் சார்லஸ் கிரெவில். பெரிய பிரபு வீட்டுப் பிள்ளை, ஆனால் கையில் எப்போதும் காசு முடை. எம்மா என்ற அழகியோடு வாழ்ந்தார். பணக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு கடனை அடைக்க வேண்டும் என்று, 1786-ல் அந்த எம்மாவை நேப்பிள்ஸில் இருந்த தன் மாமாவிடம் அனுப்பிவைத்த புண்ணியவான்! (அந்த எம்மாதான் பின்னாளில் அட்மிரல் நெல்சனின் காதலியாகச் சரித்திரத்தில் இடம்பிடித்தவர்.) எம்மாவை விட்டுக்கொடுத்த கிரெவில், கற்களை மட்டும் விடவே இல்லை. 14 ஆயிரத்துக்கும் மேல் சேர்த்தார். அவர் 1809-ல் இறந்த பிறகு, பிரிட்டிஷ் பார்லிமென்ட் 13,727 பவுண்டு கொடுத்து 1810-ல் அதை மியூசியத்துக்கு வாங்கியது. அன்றைக்கு அது மலைக்க வைக்கிற தொகை.

கிரெவிலைப் பாடாய்ப் படுத்திய கல் எது தெரியுமா? குருந்தம். நம் ஊரில் அதை இடித்துப் பொடியாக்கி, அரக்கோடு கலந்து சாணை பிடிக்கும் சக்கரம் செய்வார்கள். வைரத்தைத் தவிர மற்ற ரத்தினங்களைப் பட்டை தீட்ட இதுதான் ஆயுதம். மதராஸ் கம்பெனி அதிகாரிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டு, கல்லை வரவழைத்தார். 'எந்த ஊரில், எந்த மண்ணில் கிடைக்கிறது?' என்று நச்சரித்தார். ஓர் அதிகாரி காவிரிக்கரைப் பக்கம் பரமத்தி வரை போய், குருந்தம் தோண்டும் இடத்தை நேரில் பார்த்து எழுதி அனுப்பினார். 1798-ல் கிரெவிலின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. 1802-ல் கவுண்ட் பூர்நோன் என்ற பிரெஞ்சுக்காரர், நம்ம சாணைக்கல்லும், ராஜாக்கள் கிரீடத்தில் இருக்கிற மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமத்தின் பல வேஷங்கள்தான் என்று விளக்கி எழுதினார். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்தக் கனிமத்துக்கு 'கொரண்டம்' என்றுதான் பெயர். குருந்தம்தான் அது! தமிழ் வார்த்தை, கல்லோடு கப்பல் ஏறிவிட்டது.

பரமத்தி வட்டாரத்தில் குருந்தம் பொதிந்து கிடந்த வெள்ளைப் பாறைக்கும் ஒரு கதை உண்டு. அது சித்தம்பூண்டிப் பாறை. நிலாவின் மேட்டு நிலங்களில் இருப்பதும் அதே ஜாதி. சந்திரயான் சோதனைகளுக்காக நிலா மண்ணைப் போல ஒரு மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ விஞ்ஞானிகள் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைத்தான் பொடித்தார்கள். 1802-ல் பூர்நோனின் மேஜையில் இருந்த கல்லின் சொந்தக்காரப் பாறை, 2023-ல் நிலாவில் இறங்கிய வண்டிக்கு ஒத்திகைக் களமாக இருந்திருக்கிறது.

கல் சேர்ப்பவர்களிடம் பேசினால், எல்லோரும் சொல்கிற ஒரே விஷயம்... கல்லைவிடக் கூடவே இருக்கிற சீட்டு முக்கியம். எந்த நாடு, எந்த ஊர், எந்தக் குழி. சீட்டு தொலைந்தால், எவ்வளவு அழகான கல்லும் அநாதை. லீத் ஏலத்தில் நடந்தது அதுதான். கிரெவில் விடாமல் நச்சரித்ததும் அதற்காகத்தான்.

அழகுக் கல்லுக்கு உலகம் முழுக்க இன்றைக்கும் சந்தை இருக்கிறது. அமெரிக்காவின் டூசான் நகரில் வருஷா வருஷம் நடக்கிற கனிமக் கண்காட்சியில் இந்தியக் கற்களுக்குத் தனி மவுசு. புனே பக்கம் வாகோலி கல்குவாரியில் கிடைத்த கேவன்சைட்டின் நீலத்தைப் பார்த்தால், மயில் கழுத்தே தோற்றுப்போகும். அதெல்லாம் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிற இடத்தில் கிடைத்தவை. யாரோ ஒருவர் சுத்தியலை நிறுத்திவிட்டு, ஒரு நிமிஷம் குனிந்து பார்த்ததால் தப்பித்தவை.

நம்ம பக்கம் குனிந்து பார்க்கிறோமா? இத்தனைக்கும், நம் மெட்ராஸ் மியூசியமே கல் சேகரிப்பில் தொடங்கியதுதான். 1851-ல் மதராஸ் இலக்கியச் சங்கம் கொடுத்த சுமார் 1,100 கற்களோடுதான் கடை திறந்தார்கள். அன்றைய மெட்ராஸ்காரர்கள் 'செத்த காலேஜ்' என்று கிண்டலடித்த அதே எழும்பூர் மியூசியம்! சிலைகளைப் பார்க்க வருகிற கூட்டம், கல் இருக்கிற பக்கம் எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள்.

ஒரு விஷயம் மனசை உறுத்துகிறது. கிரெவில் பெயர் இருக்கிறது, ஆலன் பெயர் ஒரு கல்லுக்கே இருக்கிறது. பரமத்தியில் குழிக்குள் இறங்கிக் குருந்தம் எடுத்தவர்களின் பெயர் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை. மிச்சம் இருப்பது ஊர்ப் பெயர் மட்டும்தான். அந்த ஊரின் பாறையையும் ஜல்லியாக அடித்துவிட்டால், சீட்டு லண்டனில் இருக்கும், ஊர் இருக்காது.

அதற்காக நாளைக்கே சுத்தியலோடு கெங்குவார்பட்டிக்கு யாரும் போக வேண்டாம். பட்டா நிலத்துக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், காட்டுக்கு வனத்துறை இருக்கிறது. ஆனால், தேனி மாவட்டப் பள்ளிக்கூடங்களில் ஒரு கண்ணாடி பீரோ வைக்கலாம். கிணறு வெட்டும்போது, ரோடு போடும்போது வெளியே வருகிற கற்களில் நாலு எடுத்து அடுக்கி, ஒவ்வொன்றின் கீழேயும் 'கோம்பை', 'தேவாரம்', 'கெங்குவார்பட்டி' என்று பிள்ளைகளை விட்டே எழுதவைக்கலாம். எடுத்துக் கொடுத்தவர் பெயரையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. செலவு? ஒரு பேனா, கொஞ்சம் பேப்பர்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. ஐந்தாம் கிளாஸ் லீவில் உத்தமபாளையம் சித்தி வீட்டுக்குப் போனபோது, முல்லையாற்றில் பொறுக்கிய கூழாங்கற்கள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய என்னிடம் இருந்தன. அப்புறம் வைகையில் பொறுக்கியவை, திருச்செந்தூர்க் கடற்கரையில் எடுத்தவை எல்லாம் அதே பாட்டிலில் சேர்ந்துவிட்டன. போன மாசம் பரணைச் சுத்தம் செய்தபோது பாட்டில் கிடைத்தது. என் மகள் ஒரு பச்சைக் கல்லை எடுத்துக் காட்டி, "இது எந்த ஊர்ப்பா?" என்று கேட்டாள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.