"விளங்கிற்று" என்னும் மயக்கம்

பாடத்தைத் தடையின்றி உரக்கப் படித்து முடிக்கும் மாணவனிடம் "விளங்கிற்றா?" என்று கேட்டால், "விளங்கிற்று ஐயா" என்பான். பெண்டாங் தோட்டப்புறத்தில் பல்லாண்டு பாடஞ்சொல்லி வரும் யான் இதை நாளும் காண்கிறேன். அவன் பொய் சொல்லவில்லை. தனக்கு விளங்காததை அவனே அறியவில்லை.

இது நம் பிள்ளைகளின் குறை மட்டுமன்று. அமெரிக்க உளவியலறிஞர் எலன் மார்க்மன் 1979இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒளியே புகாத ஆழ்கடலில் மீன்கள் வாழ்கின்றன. அவை தம் உணவை நிறத்தால் அறிகின்றன என்று தொடக்கப்பள்ளிச் சிறுவர்க்குக் கூறப்பட்டது. பலர் அம்முரணைக் காணவேயில்லை.

ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்னரே நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் இதைக் கருதியுள்ளார். மேய்ந்ததைப் பின்னர் அசைபோடும் பசுவைத் தலைமாணாக்கர்க்கு உவமையாக்கினார். சொன்னதையே சொல்லும் கிளியை இடையில் வைத்தார். ஒரு செடியில் நில்லாது செடிதோறும் வாய்வைக்கும் ஆட்டைக் கடையில் வைத்தார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் காற்பங்கே கிட்டும். உடன்பயில்வாரோடு பழகினால் மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைத்தால் எஞ்சிய அரைப்பங்கு என்பது அவர் கணக்கு. எடுத்துரைக்கப் புகும்போதன்றோ விளங்காத இடம் வெளிப்படுகிறது!

இதற்கு வாழ்ந்து காட்டிய சான்று டாக்டர் உ. வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அவர், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டே அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அவர் கற்ற நூல்கள் எவை என வினவினார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என அடுக்கினார். சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்பது முதலியாரின் அடுத்த வினா. ஐயர் அதைப் படித்திருக்கவில்லை.

நூல் கைக்கு வந்து படிக்கத் தொடங்கியபோது பல இடங்கள் விளங்கவில்லை. சமண சமயக் கருத்துகள் புதியனவாக இருந்தன. நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தவை என்றும் தெரியவில்லை. கல்லூரி ஆசிரியராயிற்றே, ஒருவாறு பொருள் சொல்லிக் கடந்திருக்கலாம். ஐயர் அவ்வாறு செய்யவில்லை. தாம் அறியாத இடம் இதுவெனத் தெளிந்து அங்கேயே நின்றார். அவ்வூர்ச் சமணரை நாடி, மாணாக்கரைப்போல் கேட்டு ஐயம் தீர்ந்தார். மேற்கோள்களின் மூலத்தைத் தேடிப் பழைய ஏடுகளைப் புரட்டினார். 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. அதன்பின் 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அச்சேறின. இத்தனைக்கும் வித்து, "எனக்கு விளங்கவில்லை" என்ற நேர்மையே.

ஆசிரிய அன்பர்களே! சரளமாகப் படித்தவனைத் தட்டிக்கொடுத்து, "விளங்கவில்லை" என்றவனை யானும் இளமையில் கடிந்ததுண்டு. இன்று அதற்கு வருந்துகிறேன். ஒரு பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடச் செய்வோம். படித்ததைப் பக்கத்திலிருப்பவனுக்குச் சொல்லச் செய்வோம். "விளங்கிற்றா?" என்பதை விடுத்து, "எவ்விடம் விளங்கவில்லை?" என்று கேட்போம். இடத்தைச் சரியாகச் சுட்டும் பிள்ளையை வகுப்பறியப் பாராட்டுவோம். அவனே படிக்கக் கற்றவன்.