விலையும் தேர்ச்சியும்: அகிற்புகை குறித்த ஓர் ஒப்பீடு

மேன்மக்கள் இல்லத்து நறும்புகையை ரசனையின் வரலாறாகப் படிப்பதே வழக்கம். அந்த ரசனையின் இயல்பைத் தீர்மானிப்பது நறுமரம் கரைசேரும் வழியே என்பது இக்கட்டுரையின் வாதம். கி.பி. 595இல் ஜப்பானின் அவாஜித் தீவில் அகிற்கட்டையொன்று ஒதுங்கியது. அறியாது விறகோடு எரித்த தீவினர், மணம் உணர்ந்து அதை அரசவைக்குக் கொடுத்தனர் என்கிறது நிஹோன் ஷோகி. கி.பி. 1344இல் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்ட இப்னு பதூதா வேறொரு காட்சியை எழுதுகிறார். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் குன்றுபோலக் கிடந்தன. மாபார், மலையாளக் கரை மக்கள் விலையின்றி அவற்றை ஏற்றிச்சென்று, ஈடாக மன்னனுக்குத் துணிகளை அன்பளித்தனர். இக்கரையில் நறுமரம் அரசவைக்குள் அடைபடாமல் கொடுக்கல் வாங்கலில் புழங்கியது.

கறுவா தூபப்பொருள் அன்றே எனலாம். இங்கு நோக்குவது மரத்தின் வகையை அன்று, அது கைமாறிய முறையை. அகிலுக்கும் அம்முறை பொருந்துகிறது. புகார்த் தெருக்களில் குவிந்த பண்டங்களுள் குடமலை அகிலையும் எண்ணுகிறது பட்டினப்பாலை. சிலப்பதிகாரமோ காரகிலைக் கீழ்த்திசைப் பொருளாகக் காட்டுகிறது. மலைவழியும் கடல்வழியும் வந்து அங்காடியில் கிடைத்ததால், பொருள் உடையவர் எவரும் அதைப் புகைக்க முடிந்தது. எனவே தமிழ்ச் செல்வர் மனையில் அகில் செல்வத்தையும் பருவத்தையுமே குறித்தது. நெடுநல்வாடையின் கூதிரில் சந்தனம் விலக, தகர விறகின் நெருப்பில் அகிலும் வெள்ளயிரும் புகைகின்றன. சிலம்பின் மாலைப்பொழுதிலோ அகில் விலகிச் சந்தனம் அரைபடுகிறது.

ஹேயான் காலத்து (794–1185) ஜப்பானியரும் பருவத்துக்கேற்ப நறும்புகை அமைத்தவர்களே என்பது வலுவான மறுப்பு. வசந்தத்துக்குப் பிளம் பூவும் கோடைக்குத் தாமரை இலையும் பெயர் கொடுத்த கலவைகள் அவர்களிடம் இருந்தன. ஆனால் அங்கே பருவம் ஒரு பொருண்மை மட்டுமே. மதிப்பிடப்பட்டது கலந்தவரின் கைத்திறன். அகில், சந்தனம், கிராம்பு முதலியவற்றைப் பொடித்துத் தேனில் பிசையும் குறிப்புகள் குடும்ப மறையாகக் காக்கப்பட்டன. முரசாகி ஷிகிபுவின் கெஞ்சிக் கதையில் நறும்புகைப் போட்டிக்கென நடுவர் ஒருவரே இருக்கிறார். அகில் அந்நாட்டில் விளையவில்லை. தசாய்ஃபு துறைக்கு வந்த சீன வணிகரின் சரக்கில் முதலில் வாங்கும் உரிமை அரசுக்கே இருந்தது. வாயில் குறுகிய இடத்தில் பொருள் வைத்திருப்பது மட்டும் பெருமை ஆகவில்லை. அதை அறிந்து கலப்பதே உயர்குடி அடையாளமாயிற்று.

ஆகவே, தமிழர் மணத்தைக் கலையாக வளர்க்கவில்லை என்று குறைகூறுவது பிழை. திறந்த துறை அகிலைப் பண்டமாக்கியது. அடைத்த துறை அதைத் தேர்ச்சியாக்கியது. நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் 11.6 கிலோ எடையுள்ள ரஞ்சதாய் அகிற்கட்டை இன்றும் இருக்கிறது. 1574இல் ஓடா நொபுனாகா அதில் வெட்டியெடுத்த இடம் குறிக்கப்பட்டுள்ளது. புத்தளக் கரையில் குவிந்திருந்த மரங்களில் ஒன்றும் எஞ்சவில்லை. அவை விலைபோவதற்கென்றே கப்பலேறியவை.