அக்கசாலைப் பிழையும் பிற்காலக் காயமும்: ஒரு காசை வாசிக்கும் முறை

1906ஆம் ஆண்டு நாசிக் வட்டாரத்து ஜோகல்தெம்பியில் வெள்ளிக் காசுப் புதையல் ஒன்று வெளிப்பட்டது. 13,000-க்கும் மேற்பட்ட அக்காசுகள் சகரகுல மன்னன் நகபானன் வெளியிட்டவை. ஆயின் அவற்றுள் 9,000-க்கும் மேற்பட்டவற்றில் மன்னன் முகத்தைச் சிதைத்துக்கொண்டு வேறு சின்னங்கள் ஏறியிருந்தன. பழகாத கண்ணுக்கு இது அச்சு இருமுறை விழுந்த பிழையாகவோ, யாரோ சுத்தியலால் நசுக்கிய சேதமாகவோ தோன்றும். இரண்டும் அன்று. நகபானனை வென்ற சாதவாகன வேந்தன் கௌதமிபுத்திர சாதகர்ணி, பகைவன் காசின் மேலேயே தன் முத்திரையை அடித்துப் புழக்கத்தில் விட்டான். அம்மன்னர் இருவரும் சமகாலத்தவர் என்பதற்கு இக்காசுகளைவிட வலுவான சான்று அரிது.

இவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? அச்சு இருமுறை விழுந்த பிழையில் ஒரே உருவம் சற்றே நகர்ந்து மீண்டும் பதிந்திருக்கும். மறுமுத்திரையில் அடியிலுள்ள உருவமும் மேலுள்ள உருவமும் வெவ்வேறு அச்சுக்கு உரியவை; நகபானனின் மூக்கும் கிரேக்க எழுத்துகளின் எச்சமும் வளைவு மலைச் சின்னத்தின் ஓரத்தில் எட்டிப்பார்ப்பது அதனாலேயே. பிற்காலக் காயத்திலோ புதிய உருவம் எதுவும் இராது. உலோகம் வெறுமனே தள்ளப்பட்டு, கீறலின் இரு கரையிலும் வரப்பாக மேடிட்டு நிற்கும். முந்தைய காசு அச்சில் ஒட்டிக்கொள்ள, அடுத்த காசில் அதன் உருவம் குழிந்தும் இடவலம் மாறியும் பதிவதுண்டு. இது மெய்யான அக்கசாலைப் பிழை. இரு காசுகளை இடுக்கியில் நெரித்தும் இதைப் போலியாக உண்டாக்குவர். அப்போது எதிர்ப்பக்கத்து உருவம் நசுங்கித் தட்டையாகிவிடும். இன்று இணையத்தில் ‘அரிய பிழைக் காசு’ என்று பெருவிலைக்குக் கூவப்படுவனவற்றுள் பல இத்தேர்வில் தேறா.

இன்னும் பழைய முத்திரைக் காசுகளில் நிலைமை நுட்பமானது. மூலை வெட்டுண்ட காசைக் கண்டு, பின்னாளில் எவரோ வெள்ளி திருடினர் என்று எண்ணத் தோன்றும். பெரும்பாலும் அது எடையைச் சரிசெய்ய அக்கசாலையே செய்த வெட்டு. முன்பக்கத்து ஐந்து முத்திரைகளும் அக்கசாலைக்கு உரியவை. பின்பக்கத்துச் சிறு குறிகளோ பல காசுகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தவை.

அக்குறிகளை ‘சேதம்’ என ஒதுக்காமல் எண்ணிப் பார்த்தவர் கணித அறிஞர் டி. டி. கோசாம்பி. தட்சசீலத்துப் பிர் மேட்டில் 1924இல் கிடைத்த புதையலின் காசுகளை அவர் எடைபோட்டார். பின்பக்கக் குறிகள் கூடக்கூடச் சராசரி எடை ஒழுங்காகக் குறைந்துவந்தது. குறிகள் கால இடைவெளியில் இடப்பட்டவை, எடைக்குறைவு கைமாறித் தேய்ந்ததன் விளைவு என அவர் கணித்தார். எந்தக் காசு முந்தியது, எது பிந்தியது என்பதற்குக் கல்வெட்டோ மன்னன் பெயரோ இல்லாத அந்தக் காசுகளிலிருந்தே வழி பிறந்தது. அதே புதையலில் ஏறத்தாழப் புத்தம் புதிதாக இருந்த அலெக்சாந்தரின் காசுகள் அது புதைக்கப்பட்ட காலத்தை ஒருவாறு வரையறுத்தன.

பளபளப்புக்காகக் காசை அமிலத்தில் நனைக்கும் சேகரிப்பாளர் துருவோடு வெள்ளியையும் கரைத்துவிடுகிறார். அதன்பின் அந்தக் காசின் எடை, கைகள் தேய்த்த அளவைச் சொல்வதில்லை. அமிலம் தின்ற அளவையே சொல்கிறது. கோசாம்பியின் கணக்கில் அதற்கு இடமில்லை.