பஞ்சுமில் வைத்த பெயர்

பங்குனி மாத மத்தியானம். திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அனல் முகத்தில் அடிக்கிறது. மானாவாரிக் காடு முழுக்கக் காய்ந்து கிடக்கிறது. ரோட்டோரத்தில் ஜன்னலே இல்லாத நீளமான நூல் மில் ஒன்று. உள்கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் காற்று மாறிவிட்டது. மழை விட்ட ஆற்றங்கரையில் நிற்கிற மாதிரி மூக்கில் ஈரம் ஏறுகிறது.

"ஊருக்குத்தான் சார் கோடை. இங்கே வருஷம் பூரா ஐப்பசிதான்" என்றார் என்னைக் கூட்டிக்கொண்டு போன பிட்டர்.

அந்த ஐப்பசியைத் தயாரிக்கிற இடத்தை மில்லில் எல்லோரும் 'பிளாண்ட்' என்றுதான் சொல்கிறார்கள். முழுப்பெயர் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட். கட்டடத்தின் பக்கவாட்டில் ஓர் அறை, இரும்புக் கதவு, கதவில் சின்னக் கண்ணாடி. அதில் முகத்தை ஒட்டிப் பார்த்தால் வரிசை வரிசையாக நாசில்கள். ஒவ்வொன்றும் தண்ணீரைக் குடைபோல விரித்துப் பீய்ச்சுகிறது. பெரிய விசிறி ஒன்று காற்றை இழுத்து அந்தச் சாரலுக்குள் விடுகிறது. நனைந்த காற்று, வளைந்து நிற்கும் தகடுகளில் மோதித் துளிகளைக் கொட்டிவிட்டு, ஈரத்தை மட்டும் சுமந்துகொண்டு டக்ட் வழியாக மெஷின்களின் தலைக்கு மேல் இறங்குகிறது. பிறகு தரைக்கடியில் உள்ள கால்வாயில் பஞ்சுத் தூசியோடு திரும்பி வந்து, பில்டரில் தூசியை விட்டுவிட்டு, மறுபடி சாரலுக்குள் போகிறது. குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கிற ஊர்கள் உள்ள சீமையில், காற்றை நனைக்க இவ்வளவு ஏற்பாடு.

இதற்குள்தான் 'ஏ.சி.' என்ற பெயர் பிறந்த கதை ஒளிந்திருக்கிறது. அந்தப் பெயரை முதலில் வைத்தது குளிருக்காக அல்ல, நூலை நனைப்பதற்காக.

பிளாண்ட் ஒரு ஷிப்ட் நின்றுபோனால் என்ன ஆகும் என்று பிட்டரைக் கேட்டேன். "கார்டிங்ல வெப் பொங்கும்" என்றார். கார்டிங் மெஷினில் பஞ்சைக் கம்பிப் பற்கள் கொண்ட உருளைகள் சீவி, கொசுவலையைவிட மெல்லிய ஒரு படலமாக வெளியே தள்ளும். அதுதான் வெப். அது குவிந்து, கட்டைவிரல் தடிமனில் ஸ்லைவராகி, கேனுக்குள் சுருள் சுருளாக விழ வேண்டும். காற்று காய்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்ட மறுக்கின்றன. படலம் உப்புகிறது, ஓரம் பிரிகிறது, பக்கத்துத் தகட்டில் போய் அப்பிக்கொள்கிறது. கையை அருகில் கொண்டுபோனால் முழங்கையில் முடி சிலிர்த்து நிற்கும். ஸ்பின்னிங்கிலோ இழை ரோலரில் சுற்றிக்கொண்டு நூல் அறுந்துகொண்டே இருக்கும். மெஷின் பார்க்கிற சைடர் பெண்களுக்கு ஒட்டுப்போட்டே ஷிப்ட் தீர்ந்துவிடும்.

இதையெல்லாம் செய்வது நிலை மின்சாரம். வேறு வேறான இரண்டு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்றின் எலக்ட்ரான்கள் கொஞ்சம் மற்றதில் தங்கிவிடுகின்றன. தேய்த்தால்தான் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். தேய்ப்பது, தொடுகிற இடங்களைக் கூட்டுகிற வேலை மட்டுமே. தொட்டுப் பிரிவதே போதும். நூல் மில்லில் பஞ்சு ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை. இரும்பைத் தொடுகிறது, பிரிகிறது. ரப்பர் ரோலரைத் தொடுகிறது, பிரிகிறது. இரும்பு மெஷின் தரையோடு எர்த் ஆகியிருப்பதால் தன் பங்கைப் பூமிக்குக் கொடுத்துவிடும். பஞ்சிழைக்கு அந்த வசதி கிடையாது. எல்லா இழையும் ஒரே வகை மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டு ஒன்றையொன்று தள்ளுகின்றன. வெப் பொங்குவதற்குப் பொருள் அவ்வளவுதான்.

அளவைச் சொன்னால் சிரிப்பு வரும். கார் சீட்டிலிருந்து இறங்கிக் கதவைத் தொட்டதும் 'சுள்'ளென்று அடிக்கிறதே, அப்போது உடம்பில் 3,000 வோல்ட்டாவது ஏறியிருக்கும். ஆனால் அதில் இடம்பெயர்ந்த எலக்ட்ரான்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் கோடிதான். எண் பெரிதாகத் தெரிந்தாலும், ஒரு டார்ச் லைட் பல்பு ஒரு நொடி எரிய அதைப்போல ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு வேண்டும். ஆளைக் கொல்லாது, ஒரு பஞ்சிழையை நிமிர்த்தி நிறுத்த மட்டும் தாராளமாகப் போதும்.

ஈரம் இந்த மின்னூட்டத்தை அழிப்பதில்லை, வடிய வழி விடுகிறது. பஞ்சு தண்ணீரை விரும்பிக் குடிக்கிற இழை. நல்ல ஈரக்காற்றில் 100 கிலோ உலர்ந்த பஞ்சு எட்டரைக் கிலோ தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் கரைந்த உப்புகள் வழியே மின்னூட்டம் இழையைவிட்டு இரும்புக்கு நகர்ந்துவிடுகிறது. பாலியஸ்டர் 100 கிலோ அரைக் கிலோகூடக் குடிக்காது. பாலியஸ்டர் ஓட்டுகிற மில்லில் தொல்லை இரட்டிப்பாவது அதனால்தான். அதற்கு இழை மேலேயே ஒரு பூச்சு பூசி அனுப்புகிறார்கள்.

ஈரநூல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை முதலில் தற்செயலாகப் பிடித்தவரும் துணித்தொழில்காரர்தான். இங்கிலாந்தின் கேன்டர்பரி ஊரைச் சேர்ந்த ஸ்டீபன் கிரே, துணிக்குச் சாயம் போடுகிற குடும்பம். சின்னாளபட்டியில் பிறந்திருந்தால் சுங்குடிக்குச் சாயம் போட்டிருப்பார். வயதான காலத்தில் லண்டனில் தர்மச் சோற்றில் இருந்தபடி, மூன்றடிக்குச் சற்று நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கையால் தேய்த்துத் தேய்த்து அது இறகை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த பொருள் தூசியை இழுக்கும் என்பது அம்பர் எனும் பிசின்கல்லைத் தேய்த்த காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. அம்பருக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரிலிருந்துதான் எலக்ட்ரிக் என்ற சொல்லை 1600இல் கில்பர்ட் உண்டாக்கினார்.

குழாய்க்குள் தூசி போகாமலிருக்கக் கிரே இரண்டு முனையிலும் தக்கை வைத்திருந்தார். 1729இல் ஒருநாள், குழாயைத் தேய்த்தபோது இறகு தக்கையிடம் போனது. தக்கையை யாரும் தேய்க்கவில்லை! அப்படியானால் கண்ணாடியில் பிறந்தது தக்கைக்கு நடந்து போயிருக்கிறது. கிழவருக்குத் தூக்கம் போயிற்று. தக்கையில் குச்சி செருகி, குச்சி முனையில் தந்தப் பந்து வைத்துப் பார்த்தார், பந்தும் இழுத்தது. குச்சிக்குப் பதில் சணல் நூல் கட்டி, மாடியிலிருந்து தொங்கவிட்டார், அப்போதும் இழுத்தது. இனி மாடி உயரம் பற்றாது என்று நூலைப் படுக்கைவாட்டில் கொண்டுபோக, உத்தரத்திலிருந்து அதே சணல் நூலால் கட்டித் தொங்கவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. வந்ததெல்லாம் உத்தரத்துக்கு ஓடிவிட்டது.

ஜூலையில் கிரான்வில் வீலர் என்ற நண்பர் வீட்டில் மறுபடி கட்டினார்கள். தாங்குவதற்குப் பட்டுநூல் போடலாம் என்றார் வீலர். மெல்லிசாக இருந்தால் கொஞ்சம்தானே ஒழுகும் என்று கிரேயும் ஒத்துக்கொண்டார். 80 அடிக்கும் மேலே பந்து இழுத்தது. நூலை நீட்டிக்கொண்டே போனதில் பட்டு அறுந்தது. மெல்லிய பித்தளைக் கம்பியைத் தாங்கலாகப் போட்டார்கள். மொத்தமும் படுத்துவிட்டது. அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது, விஷயம் தடிமனில் இல்லை, எதனால் ஆனது என்பதில் இருக்கிறது. கடத்தி, கடத்தாப் பொருள் என்று இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒப்பிக்கிற பிரிவினைக்கு அறுந்த பட்டுநூல்தான் தாய்.

சணல் நூல் ஏன் கடத்தியது? இங்கிலாந்துக் காற்றின் ஈரத்தைக் குடித்திருந்தது. கிரே அதே நூலை வேடசந்தூரில் பங்குனி மத்தியானத்தில் கட்டியிருந்தால் 80 அடி போயிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். பாரிசில் இதைக் கேள்விப்பட்ட டூஃபே, நூலை வேண்டுமென்றே தண்ணீரில் நனைத்துக் கட்டினார். 1,256 அடி தூரத்துக்கு மின்சாரம் போனது. மின்னூட்டத்தில் கண்ணாடி வகை, பிசின் வகை என இரண்டு உண்டு என்று 1733இல் பிரித்தவரும் அவரே. அவற்றுக்குப் பிளஸ், மைனஸ் என்ற கணக்கைக் கொடுத்தவர் பிராங்க்ளின்.

இந்த அறிவு மில்லுக்குப் போக நாளாயிற்று. இங்கிலாந்தின் லங்காஷயரில் நூல் மில்கள் பெருகியதற்கு அங்கே மேற்கிலிருந்து வந்து மலையில் முட்டுகிற ஈரக்காற்றும் ஒரு காரணம். இயற்கை ஈரம் போதாத நாளில் தறிக்கூடங்களில் கொதிநீராவியை நேரே அறைக்குள் திறந்துவிட்டார்கள். நூலுக்குச் சுகம், நெய்கிறவர்கள் வேர்வையும் நீராவியுமாகச் சொட்டச் சொட்ட நின்றார்கள். அவர்கள் போட்ட கூச்சலில் 1889இல் பார்லிமென்ட் சட்டம் போட்டு ஈரத்துக்கு வரம்பு கட்டியது. நூலின் தேவைக்கு மனிதனை அவிப்பது என்பது சின்ன விஷயமல்ல; இந்தக் கதையில் எனக்கு உறுத்துகிற இடம் இதுதான்.

அடுத்த காட்சி அமெரிக்காவின் வட கரோலினாவில். சார்லட் நகரத்து ஸ்டூவர்ட் கிரேமர், மில் கட்டிக்கொடுக்கிற என்ஜினியர். ஆவியை விடாமல், காற்றை வடிகட்டி, நனைத்து, அளவாக அனுப்பும் கருவிகளைச் செய்தார். மில்காரர்களிடம் 'கண்டிஷனிங்' என்றொரு வார்த்தை ஏற்கெனவே புழங்கியது. நூலுக்கு உரிய ஈரத்தை ஏற்றி நிலைப்படுத்துவதற்கு அந்தப் பெயர். (நூல் எடைக்கு விற்பது. ஆகவே அந்த ஈரத்தில் வியாபாரமும் உண்டு. வாங்குகிறவர் ஈரத்தைச் சோதிப்பார், விற்கிறவர் சிரிப்பார்.) நூலுக்குப் பதில் காற்றைக் கண்டிஷன் செய்கிறேன் என்று சொல்லி, 1906இல் கிரேமர் 'ஏர் கண்டிஷனிங்' என்று எழுதினார். பெயர் நிலைத்துவிட்டது.

இயந்திரம் வேறோர் ஆளிடம் வளர்ந்துகொண்டிருந்தது. வில்லிஸ் கேரியர் 1902இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகக் காற்றிலிருந்து ஈரத்தை இறக்கும் ஏற்பாட்டை வரைந்திருந்தார். ஈரத்தில் காகிதம் நீண்டு, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் பொருந்தாமல் அச்சாகிக்கொண்டிருந்தது. நனைப்பவரிடமிருந்து பெயரை இந்த உலர்த்துபவர் எடுத்துக்கொண்டு, கம்பெனிப் பெயரிலேயே சேர்த்துவிட்டார். நம் வீட்டுச் சுவரில் தொங்குவது கேரியரின் வாரிசு. கிரேமரின் வாரிசு மில்லிலேயே நின்றுவிட்டது.

கோயம்புத்தூர்க்காரர்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை வைத்துப் பெருமை பேசுவார்கள். திண்டுக்கல் சமவெளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே பிளாண்ட்தான் கணவாய். ஸ்பின்னிங்கில் ஆர்.எச். என்கிற ஈரப்பத சதவீதம் 55க்கும் 60க்கும் நடுவே, கோன் வைண்டிங்கில் அதற்குச் சற்று மேலே. கூடினாலும் வம்பு: பஞ்சு பிசுபிசுத்து ரோலரில் சுற்றும், ஸ்பிண்டில் துருப்பிடிக்கும். சுவரில் இரண்டு தெர்மாமீட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஒன்றின் அடியில் ஈரத்திரி, மற்றது வெறுமனே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிட்டர் அட்டவணையில் விரல் ஓட்டிப் பார்த்தார். 57. போர்த் தண்ணீரின் உப்பு நாசிலை அடைத்துக்கொள்வதால், வாரம் தவறாமல் கழற்றி ஊசியால் குத்த வேண்டியிருக்கிறது என்றார்.

போகும்போது ஆபீஸ் ரூமில் டீ கொடுத்தார்கள். மேலே ஸ்பிளிட் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து செருப்பைத் தேடியபோது, அதன் குழாய் சொட்டுச் சொட்டாக ஒரு பெயின்ட் வாளியில் இறங்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். வாளி முக்கால் நிரம்பியிருந்தது.

"இதை என்ன செய்வீங்க?"

"பிளாண்ட் தொட்டியில ஊத்திருவோம் சார். உப்பில்லாத தண்ணியாச்சே" என்றார்.