உயிர் உள்ளவரை தண்டனை!

உத்திரமேரூர் பக்கம் எப்போதாவது போக நேர்ந்தால், அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலை எட்டிப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். மண்டபத்துச் சுவர் முழுக்க எழுத்து. எழுத்து என்றால் சாதாரண எழுத்தா? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட ‘குடவோலை’ சட்டதிட்டங்கள்! ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலைகளைக் குடத்தில் போட்டு, சின்னப் பையன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்ன அந்தத் தேர்தலைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள்.

யார் நிற்கலாம் என்பது நமக்குத் தெரியும். சொந்த வீடு வேண்டும், வரி கட்டும் கால் வேலி நிலத்துக்கு மேல் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35-லிருந்து 70-க்குள். யார் நிற்கக் கூடாது என்ற பட்டியல்தான் இன்னும் சுவாரஸ்யம். கணக்குக் காட்டாதவர் கூடாது (அவருடைய சொந்தக்காரர்களும்தான்!), அடுத்தவர் பொருளைத் திருடியவர் கூடாது... இந்த வரிசையில் நைசாக ஒருவர் வந்து நிற்கிறார். சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டவர்!

சாப்பிட்டுவிட்டார், தப்பென்று உணர்ந்தார், முறைப்படி பரிகாரமும் செய்து சுத்தமாகிவிட்டார். அப்புறமும் அவர் பெயரைக் குடத்தில் போட மாட்டார்களாம். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை, உயிர் உள்ளவரைக்கும்!

‘அடேயப்பா, இவ்வளவு கண்டிப்பா?’ என்று சிரிக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். போன வாரம் கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டு, ராத்திரி முழுக்க உங்களை நீங்களே திட்டிக்கொண்டீர்களே... மறுநாள் பட்டினி கிடந்து பரிகாரமும் செய்தீர்களே... அப்படியும் மனசு ஆறவில்லையே! அந்தச் சபை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டிய தண்டனையை, இன்று நமக்கு நாமே வெட்டிக்கொள்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

‘எனக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும்?’ என்று உடம்பைக் கேட்காமல் வேறு யாரையோ கேட்டால் என்ன ஆகும்? வரலாறு இதை இரண்டு முறை பரிசோதித்துப் பார்த்துவிட்டது. முதல் பரிசோதனை நடந்தது நம் மண்ணில்தான்.

1876. சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம்! ஜனங்கள் ஈசல் போல் விழுந்து செத்தார்கள். 1877 ஜனவரி முதல் தேதி, டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு கோலாகலமாக தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். தெற்கே பஞ்ச நிவாரணச் செலவு எகிறுகிறதே என்று அவருக்குக் கவலை. அதைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பினார்.

இந்த டெம்பிள் கல்நெஞ்சக்காரராகப் பிறந்தவர் இல்லை. 1873-74 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியவர். அதற்காக, ‘ஓவராகச் செலவு செய்துவிட்டாய்’ என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்! சூடு கண்ட பூனை. இந்த முறை சிக்கனத்தில் இறங்கினார். நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் சில்லறைக் காசு. ‘இது போதும்!’

‘போதாது!’ என்று ஒரு குரல் எழுந்தது. டாக்டர் வில்லியம் கார்னிஷ், சென்னை மாகாண சுகாதார ஆணையர். உழைக்கிற உடம்புக்குக் குறைந்தபட்சம் ஒன்றரை பவுண்டு தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று மல்லுக்கட்டினார். கடைசியில் 1877-லேயே சென்னை அரசு பாதி இறங்கி வந்தது. ஒன்றேகால் பவுண்டு தானியம், கொஞ்சம் பருப்பு. ஆனால் அதற்குள்ளும் அதற்குப் பிறகும் போன உயிர்கள்? பல லட்சம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அவ்வளவு அரிசியில் தோராயமாக 1,600 கலோரி. இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பரிசோதனை, அமெரிக்காவில். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவே பட்டினி கிடந்தபோது, ‘காய்ந்த வயிறுகளை மறுபடி எப்படித் தேற்றுவது?’ என்று கண்டுபிடிக்க மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி இறங்கினார். துப்பாக்கி தூக்க மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 1945-ல் ஆறு மாதம் அரைப்பட்டினி. தினமும் கொடுத்தது எவ்வளவு தெரியுமா? சுமார் 1,570 கலோரி. ஏறக்குறைய டெம்பிளின் அதே ஒரு பவுண்டு!

எடை கிட்டத்தட்ட கால்வாசி குறைந்தது. அதில் ஆச்சரியமில்லை. மனசுக்கு நடந்ததுதான் பயங்கரம். திடகாத்திரமான அந்தப் பையன்கள் தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களை நாவல் மாதிரி படித்தார்கள். காதல், அரசியல், அரட்டை எல்லாம் காணாமல் போய், சாப்பாடு ஒன்றே நினைப்பாக இருந்தது. பட்டினி முடிந்து சாப்பாடு கொடுத்த பிறகு சிலர் வயிறு முட்டச் சாப்பிட்டும் ‘பசி தீரவில்லையே’ என்று தவித்தார்கள்.

அவர்களுக்கு மனஉறுதி இல்லையா? சேச்சே! கொள்கைக்காக உடம்பையே கொடுத்தவர்கள். காய்ந்துபோன உடம்பு, ‘மறுபடி பஞ்சம் வந்துவிடுமோ’ என்று பயந்து அலறியது, அவ்வளவுதான். நல்ல செய்தியையும் சொல்லிவிடுகிறேன். போதுமான சாப்பாடு நாள் தவறாமல் கிடைக்கக் கிடைக்க, அந்த அலறல் அடங்கியது. சிலருக்கு மாதங்கள், சிலருக்கு அதைவிட அதிகம். ஆனால் அடங்கியது.

இப்போது உங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் டயட் சார்ட்டைப் பாருங்கள். 1,200 கலோரி என்று போட்டிருக்கிறதா? டெம்பிள் துரையே கூச்சப்பட்டிருப்பார்! பத்து நாள் பல்லைக் கடித்துவிட்டு, பதினோராம் நாள் ராத்திரி சமையலறையில் நின்றுகொண்டே முறுக்கு டப்பாவைக் காலி செய்தீர்களே, அது உங்கள் ஒழுக்கக்கேடு இல்லை. மின்னசோட்டா பையன்களுக்கு நடந்ததேதான்.

சர்க்கரை, பி.பி. என்று டாக்டர் சொன்ன பத்தியம் வேறு விஷயம். அதை மீறச் சொல்லவில்லை. சாப்பாட்டு நினைப்பிலேயே நாள் கழிகிறது, சாப்பிட்டாலே பயமாக இருக்கிறது என்றால், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதான். மற்றவர்கள் செய்ய வேண்டியது ரொம்ப எளிது. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். பசித்தால் மறுக்காதீர்கள். உட்கார்ந்து, ருசித்து, ‘போதும்’ என்று உள்ளேயிருந்து வரும் குரலுக்குக் காத்திருங்கள். முதலில் அந்தக் குரல் கேட்காது. ரொம்ப நாள் மதிக்காமல் விட்டதால் கோபித்துக்கொண்டிருக்கும். மெதுவாகத்தான் பேச ஆரம்பிக்கும்.

உத்திரமேரூரில் அதே சபை ஏரிக்கென்றே தனியாக ஒரு வாரியமும் வைத்திருந்தது. பல்லவர் காலத்து வைரமேகத் தடாகத்தில் தண்ணீர் நிற்க வேண்டும், வயல் விளைய வேண்டும், ஊர் சாப்பிட வேண்டும் என்று வருஷா வருஷம் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியில் ஒரு வருஷம் தண்ணீர் வற்றினால், அதற்கு யாரும் உயிர் உள்ளவரை தண்டனை கொடுக்கவில்லை. அடுத்த மழைக்குத் தூர் வாரினார்கள்.

உங்கள் உடம்பைக் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். அது ஏரி!