தலைமை நீதிபதியின் நாற்காலியும் நம் வழக்குகளும்

வெண்மணி நாளையொட்டி ஒரத்தநாட்டில் கூடியிருக்கிற நாம், இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவுக்கு இந்தியத் தலைமை நீதிபதி என்ற பதவியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். வெண்மணிக்கும் அந்தப் பதவிக்கும் என்ன தொடர்பு என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். 1968 டிசம்பர் 25 இரவு எரிக்கப்பட்ட நாற்பத்து நான்கு பேரின் வழக்கு கடைசியாக எங்கே போய் நின்றது என்று கேட்டுப் பார்த்தால் தொடர்பு விளங்கும்.

1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட எட்டுப் பேருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. எழுபதுகளில் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதார்கள் தாமே நடந்து வந்து குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்கிற தொனியில் அந்தத் தீர்ப்பு பேசியதை நாம் ஒவ்வோர் ஆண்டும் சொல்லி வருகிறோம். அதற்குப் பிறகு நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. அரசின் மேல்முறையீடு உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 1990இல்தான் அது முடிந்தது, விடுதலை உறுதியானது. தீ வைத்த இரவுக்கும் கடைசிச் சொல்லுக்கும் இடையே சுமார் இருபத்திரண்டு ஆண்டுகள். அதே இரவில் கொல்லப்பட்ட மிராசுதார் தரப்பு ஆளுக்கான வழக்கில் விவசாயத் தொழிலாளர்கள் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார்கள். அந்த வழக்குக்கு இத்தனை காலம் பிடிக்கவில்லை.

ஒரு வழக்கு எப்போது எடுக்கப்படுகிறது, யார் முன் போகிறது என்ற இரண்டும் சேர்ந்தே பாதித் தீர்ப்பாகிவிடுகின்றன. உச்சநீதிமன்றத்தில் இந்த இரண்டையும் தீர்மானிப்பவர் தலைமை நீதிபதி.

அவருக்குத் தீர்ப்பில் தனி அதிகாரம் எதுவும் இல்லை. இன்று உச்சநீதிமன்றத்தில் அவரையும் சேர்த்து 34 நீதிபதிகளுக்கு இடம் உண்டு. ஓர் அமர்வில் உட்காரும்போது அவருக்கும் ஒரே ஒரு வாக்குதான். 2022 நவம்பர் 7 அன்று, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காடு இடஒதுக்கீட்டை 3:2 என்ற கணக்கில் நீதிமன்றம் ஏற்றது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைகளை அந்த ஒதுக்கீட்டிலிருந்து விலக்கியது தவறு என்று எழுதிய இரண்டு பேரில் ஒருவர் அன்றைய தலைமை நீதிபதி யு.யு.லலித். நாட்டின் முதல் நீதிபதியே தோற்ற பக்கத்தில் இருந்தார். பதவியின் பெயரைக் கேட்டு அவரை ராஜாவாக நினைத்துக்கொள்பவர்கள் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எந்த ஐந்து பேர் உட்காருவது என்று தீர்மானிப்பது அவர்தான். ரோஸ்டர் என்று நீதிமன்ற வட்டாரத்தில் சொல்லப்படும் பணிப் பட்டியல் அவர் கையில் இருக்கிறது. 2018 ஜனவரி 12 அன்று செலமேஸ்வர், ரஞ்சன் கோகோய், மதன் லோகூர், குரியன் ஜோசப் ஆகிய நான்கு மூத்த நீதிபதிகள் பத்திரிகையாளர்களை அழைத்து, முக்கிய வழக்குகள் ஒதுக்கப்படும் முறை சரியில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அப்போது தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா. சில மாதங்களுக்குள் அதே ஆண்டில் இரண்டு தீர்ப்புகளில் நீதிமன்றம் ‘ரோஸ்டரின் அதிபதி தலைமை நீதிபதியே’ என்று மறுபடியும் உறுதி செய்துகொண்டது. நான்கு பேரில் ஒருவரான கோகோய் பிறகு அதே நாற்காலிக்கு வந்தார். முறை மட்டும் மாறவில்லை.

நம் ஊருக்கு அந்த நாற்காலி மிக அருகில் வந்ததும் அந்த ஆண்டில்தான். ஒரத்தநாட்டு வயல்களுக்குத் தண்ணீர் தருவது கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணையோடு சேர்த்து 1934இல் முடிக்கப்பட்ட திட்டம் அது. நம் தாத்தா பாட்டிகள் அதைப் ‘புது ஆறு’ என்றார்கள், நாமும் அப்படியே சொல்கிறோம். காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரியில் இறுதித் தீர்ப்பு தந்தது. அதை எதிர்த்த மேல்முறையீடுகளில் 2018 பிப்ரவரி 16 அன்றுதான் தீர்ப்பு வந்தது. தீபக் மிஸ்ரா தலைமையிலான மூவர் அமர்வு, பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தது. 14.75 டி.எம்.சி. என்பது விவசாயச் சங்கங்களுக்கு ஒரு கணக்கு. நிலமில்லாத நம் சேரிகளுக்கு அது வேறு கணக்கு: எத்தனை நாள் நடவு, எத்தனை நாள் களையெடுப்பு, எத்தனை நாள் அறுப்பு. அந்த வழக்கில் எந்தத் தரப்பும் கூலியாட்களின் வேலை நாட்களைத் தனியாக முன்வைக்கவில்லை. மாநிலங்கள் பேசின, பாசனப் பரப்பு பேசப்பட்டது. வயலில் இறங்குகிற கால் எவருடைய மனுவிலும் இல்லை.

இனி, நாற்காலியில் உட்காருகிறவர் யார் என்ற கேள்விக்கு வருவோம்.

அண்ணல் அம்பேத்கர் 1949 மே மாதத்தில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பதவியைப் பற்றிப் பேசியதை நம் இளைஞர்கள் படிக்க வேண்டும். நீதிபதிகளை நியமிக்கத் தலைமை நீதிபதியின் ஒப்புதல் கட்டாயம் என்று ஆக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அவர் மறுத்தார். தலைமை நீதிபதி எவ்வளவு சிறந்தவராயினும், எல்லோருக்கும் உள்ள குறைகளும் மனச்சாய்வுகளும் அவருக்கும் உண்டு. குடியரசுத் தலைவருக்கோ அரசுக்கோ தர விரும்பாத தடுப்பு அதிகாரத்தை அவருக்கு மட்டும் தருவது ஆபத்து என்பது அவர் வாதம். 1993 அக்டோபரில் வந்த தீர்ப்பு அம்பேத்கர் மறுத்ததைத்தான் வேறு வடிவத்தில் கொண்டுவந்தது. தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் சேர்ந்த கொலிஜியம் அப்படிப் பிறந்தது. 2015இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த நியமன ஆணையத்தை நீதிமன்றம் ரத்து செய்தது. அரசின் கையில் நியமனம் முழுதாகப் போவதை நாமும் விரும்பவில்லை. 1973இல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என்.ரேயைத் தலைமை நீதிபதியாக்கிய கதையை மறந்துவிட முடியாது. ஆனால் கொலிஜியம் நமக்கு என்ன தந்தது என்ற கணக்கையும் பார்க்க வேண்டும்.

உச்சநீதிமன்றம் 1950இல் தொடங்கியது. முதல் தலித் நீதிபதி வர முப்பது ஆண்டுகள் ஆயின. அவர் நம் தமிழ்நாட்டுக்காரர், ஜோலார்பேட்டையில் பிறந்த ஏ.வரதராஜன். 1862இல் தொடங்கிய சென்னை உயர்நீதிமன்றத்தில் 1973இல்தான் அவர் நீதிபதியானார். அங்கும் அவரே முதல் தலித். 1980 டிசம்பரில் டெல்லிக்குப் போனபோது அவருக்கு வயது அறுபது. உச்சநீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது அறுபத்தைந்து. அப்போது தலைமை நீதிபதியாக இருந்த ஒய்.வி.சந்திரசூட் அந்த நாற்காலியில் 1978 முதல் 1985 ஜூலை வரை, ஏழு ஆண்டுகளுக்கும் மேல் இருந்தார். வரதராஜன் 1985 ஆகஸ்டில் ஓய்வு பெற்றார்.

இந்த வயதுக் கணக்கில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சாதி இங்கே சத்தமில்லாமல் வேலை செய்கிறது. தலைமை நீதிபதியாக யாரையும் ‘தேர்ந்தெடுப்பதில்லை’. மரபுப்படி பணிமூப்பில் முன்னால் நிற்பவர் ஆகிறார். ஆகவே எவ்வளவு இளம் வயதில் உச்சநீதிமன்றத்துக்குள் நுழைகிறாரோ அவ்வளவு வாய்ப்பு. தாத்தா வக்கீல், அப்பா வக்கீல், சென்னையிலோ மும்பையிலோ சொந்த சேம்பர் என்றிருக்கும் வீட்டுப் பிள்ளை நாற்பதுகளிலேயே உயர்நீதிமன்ற நீதிபதியாகிவிடலாம். முதல் தலைமுறையாகச் சட்டம் படித்து, மாவட்ட நீதிமன்றத்தில் கட்சிக்காரர் கொடுக்கும் சிறு ஃபீஸில் காலம் தள்ளி மேலே வருபவர் அதே இடத்துக்கு ஐம்பதுக்கு மேல்தான் வருகிறார். பணிமூப்பு விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஓட்டம் தொடங்கும் கோடு ஒன்றல்ல.

வரதராஜனுக்குப் பிறகு பி.சி.ரே, கே.ராமசுவாமி. 1997இல் ராமசுவாமி ஓய்வு பெற்றதும் உச்சநீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதிகூட இல்லை. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த கே.ஆர்.நாராயணன், 1998 இறுதியில் தம்மிடம் வந்த நியமனக் கோப்பில் ஒரு குறிப்பு எழுதினார். தகுதியுள்ள பட்டியல் சாதி, பழங்குடியினர் இருக்கும்போது அவர்களையும் கருத வேண்டும் என்பது அதன் சாரம். கையெழுத்துப் போட மறுக்கவில்லை, யாரையும் நீக்கச் சொல்லவில்லை. ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அது வெளியே வந்ததும் பெரிய கூச்சல் எழுந்தது. ‘தகுதி மட்டுமே அளவுகோல்’ என்ற பதில் தலைமை நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தரப்பிலிருந்து வந்தது. நாராயணனும் தகுதியைத்தான் பேசினார் என்பதைக் கவனிக்க யாருக்கும் பொறுமை இல்லை. 2000 ஜூனில் கே.ஜி.பாலகிருஷ்ணன் உச்சநீதிமன்ற நீதிபதியானார். வைக்கம் அருகே பிறந்த அவர் 2007 ஜனவரி 14 அன்று தலைமை நீதிபதியானார். குடியரசான ஐம்பத்தேழாவது ஆண்டில் முதல் தலித். 2010 மே மாதத்தில் அவர் ஓய்வு பெற்ற பிறகு, 2019 மே மாதத்தில் பி.ஆர்.கவாய் வரும்வரை ஒன்பது ஆண்டுகள் மறுபடி ஒருவரும் இல்லை. உயர்நீதிமன்றங்களிலும் இதே நிலைதான்: 2018 முதல் 2023 நடுப்பகுதிவரை நியமிக்கப்பட்ட அறுநூற்றுச் சொச்சம் நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் இருபதை ஒட்டிய எண்ணிக்கையே என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது.

கவாய் 2025 மே 14 முதல் நவம்பர் 23 வரை தலைமை நீதிபதியாக இருந்தார். அம்பேத்கர் இயக்கத்தில் வளர்ந்த வீடு, அப்பா ஆர்.எஸ்.கவாய் இந்தியக் குடியரசுக் கட்சித் தலைவர். பதவியேற்ற சில நாளில் சொந்த மாநிலத் தலைநகரான மும்பைக்குப் போனபோது, மரபுப்படி வரவேற்க வேண்டிய தலைமைச் செயலாளரும் காவல்துறைத் தலைவரும் வரவில்லை. அதை அவரே மேடையில் சொன்னார். அக்டோபர் 6 அன்று, நீதிமன்ற அறைக்குள்ளேயே ஒரு வழக்கறிஞர் சனாதனத்தின் பெயரைச் சொல்லி அவர்மீது செருப்பு எறிய முயன்றார். கவாய் சலனப்படாமல் அடுத்த வழக்கை எடுக்கச் சொன்னார். அவர் பெருந்தன்மையைப் பலரும் புகழ்ந்தார்கள். நாட்டின் முதல் நீதிபதியின் மீது ஓங்கிய செருப்பு, நம் தெருவில் ஒருவர் மீது ஓங்கினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய நாம் எத்தனை நாள் காவல் நிலைய வாசலில் நிற்க வேண்டியிருக்கும் என்பதைத்தான் அன்று நாம் நினைத்தோம்.

அவர் காலத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம் செய்தியில் பெரிதாக வரவில்லை. 2025 ஜூனில், உச்சநீதிமன்றத்தின் அலுவலகப் பணியாளர்களுக்கான நியமனத்திலும் பதவி உயர்விலும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு முறையான இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. இந்திரா சாஹ்னி முதல் எத்தனையோ இடஒதுக்கீட்டு வழக்குகளில் நாட்டுக்கே அளவு வகுத்த நீதிமன்றத்தின் சொந்த அலுவலகத்தில் அது அதுவரை இல்லை. எழுபத்தைந்து ஆண்டுகள் எந்தத் தலைமை நீதிபதியின் கண்ணிலும் படாத ஒன்று, அந்த வீட்டிலிருந்து வந்தவர் கண்ணில் பட்டது. இதற்குத் தீர்ப்பு தேவைப்படவில்லை. நிர்வாக உத்தரவே போதுமாயிருந்தது.

ஆனாலும் நம்மவர் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகும் என்று நாம் சொல்லவில்லை. சாக்கடையில் இறங்கிச் சாகும் தொழிலாளர்கள் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். துப்புரவுத் தொழிலாளர் இயக்கமான சஃபாயி கர்மசாரி ஆந்தோலன் 2003இல் தொடுத்த வழக்கு அது. அதில் 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பெழுதியவர், பவானி பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த தலைமை நீதிபதி ப.சதாசிவம். 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றார். 2023இல் வேறோர் அமர்வு அதை 30 லட்சமாக்கியது. அவர் தலித் அல்ல. தீர்ப்பு நமக்குப் பயன்பட்டது. மறுபுறம், 2018 மார்ச் 20 அன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கிய தீர்ப்பை எழுதியது இரண்டே நீதிபதிகள் கொண்ட அமர்வு. நாடாளுமன்றம் இயற்றிய ஒரு பாதுகாப்புச் சட்டத்தை இருவர் அமர்வு இப்படித் திருத்தலாமா என்ற கேள்விக்கு ஏப்ரல் 2 அன்று தெருவில் இறங்கிய தலித் மக்கள் பதில் சொன்னார்கள். வட இந்தியாவில் உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 அக்டோபர் 1 அன்று மூவர் அமர்வு அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. அந்த மூவரில் கவாயும் ஒருவர்.

அருந்ததியர் உள்ஒதுக்கீட்டிலும் காலம்தான் விஷயம். தமிழ்நாடு 2009இல் 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு தந்தது. 2004இன் சின்னையா தீர்ப்பு அதன் தலைக்குமேல் கத்தியாகத் தொங்கியது. 2020 ஆகஸ்டில் ஐவர் அமர்வு, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பியது. ஏழு பேர் கொண்ட அமர்வு கூடி விசாரித்தது 2024 பிப்ரவரியில். தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையில் ஆகஸ்ட் 1 அன்று 6:1 என உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. இடைப்பட்ட காலத்தில் நான்கு பேர் அந்த நாற்காலியில் இருந்தார்கள். ஒருவர் எழுபத்து நான்கு நாள் மட்டுமே. கவாய் அந்தத் தீர்ப்பில் பட்டியல் சாதியிலும் வசதி படைத்தோரை விலக்க வேண்டும் என்று எழுதியதை நாம் ஏற்கவில்லை. தீண்டாமை வருமானம் பார்த்து வருவதில்லை.

இன்னும் முடியாத ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறோம். டெல்டாவில் தேவாலய மணி கேட்கும் சேரிகள் பல உண்டு. மதம் மாறினாலும் தெரு மாறவில்லை. கல்லறையில்கூடச் சுவர் இருந்த ஊர்களைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர் பட்டியல் சாதியினர் அல்லர். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு அவர்களுக்கும் முஸ்லிம் தலித்துகளுக்கும் திறக்கவில்லை. இதை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் 2004இல் வழக்கு தொடுக்கப்பட்டது. அது நிலுவையில் இருந்தபோதே பாலகிருஷ்ணன் தலைமை நீதிபதியாக வந்தார், மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தார், ஓய்வு பெற்றார். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு இதே கேள்வியை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. அதற்குத் தலைவர் அதே பாலகிருஷ்ணன். இரண்டு ஆண்டு அவகாசம் தந்தார்கள், பிறகு நீட்டித்தார்கள்.