சேலம், நாமக்கல் பகுதியில் ஈமச் செலவு

இறந்தவரைப் புதைக்கவோ எரிக்கவோ, அதையொட்டிய சடங்குகளுக்கோ ஆகும் செலவு ஈமச் செலவு எனப்படும். நாமக்கல் மாவட்டம் 1997 சனவரி 1 அன்றுதான் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆகவே இரு மாவட்ட வழக்கங்களையும் சேர்த்தே பார்க்கலாம்.

இங்கே புதைப்பதும் எரிப்பதும் நெடுங்காலமாக அருகருகே இருந்துவருகின்றன. மேலை நாடுகளில் கல்லறை நிலத்தின் விலையால் தகனம் மலிவானது. நம் கிராமங்களில் நிலைமை வேறு. இடுகாடு பெரும்பாலும் புறம்போக்கு. குழி வெட்டும் வேலைதான் செலவு. எரிப்பதற்கோ எரிபொருள் வேண்டும். திறந்த சிதைக்கு 400 கிலோவுக்கு மேல் விறகு பிடிக்கும். நம் ஊர்களில் வறட்டியும் கொஞ்சம் விறகும் அடுக்கி, வைக்கோல் பரப்பிச் சேறு பூசி மூடுவார்கள். வெப்பம் உள்ளேயே நிற்பதால் விறகு மிச்சம். (வறட்டி என்பது சாணத்தைத் தட்டிக் காயவைத்த எரிபொருள், இன்றைய மாணவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.) மாடு உள்ள வீட்டில் அதற்குக் காசில்லை. மறுநாள் எலும்பு பொறுக்கிப் பவானி கூடுதுறையிலோ அருகிலுள்ள காவிரித் துறையிலோ கரைப்பார்கள்.

"அந்தக் காலத்தில் சாவுக்குச் செலவே இல்லை" என்று முதியவர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. குழி வெட்டியவரும், பறையடித்தவரும், மாற்றுத் துணி கொடுத்த வண்ணாரும், நாவிதரும் ஆண்டுக்கொரு முறை களத்தில் தானியம் பெற்றனர். சில ஊர்களில் மானிய நிலமும் இருந்தது. தலையாரி, வெட்டி, தோட்டி போன்ற ஊழியங்களை 1895ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் பரம்பரைக் கிராமப் பணிகளாகவே வைத்திருந்தது. செலவு இருந்தது, துக்க வீட்டுக் கணக்கில்தான் ஏறவில்லை. சாதியின் பெயரால் மறுக்க முடியாத வேலையாக அது சில குடும்பங்களின் தோளில் கிடந்தது.

1995இல் வெட்டியான், தலையாரி, நீர்க்கண்டி ஆகியோர் ஊதியம் பெறும் கிராம உதவியாளர்கள் ஆயினர். அவர்கள் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போயினர், போனது நியாயமே. இன்று குழி வெட்டக் கூலி பேசித்தான் ஆளை அழைக்க வேண்டும். சாவுச் செலவு ஏறிவிட்டது என்னும் குறையில் ஒரு பங்கு, முன்பு கொடுக்காத கூலியை இப்போது கொடுப்பதுதான்.

நகரங்களில் உள்ள எரிவாயு தகன மேடையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்து, அன்றே சாம்பல் கிடைக்கிறது. எல்லாருக்கும் ஒரே மேடை, ஒரே கட்டணம். ஊர்ச் சுடுகாடுகள் பல இன்றும் சாதிவாரியாக இருப்பதை நினைத்தால் இது சிறிய மாற்றமன்று. ஆனால் கட்டணம் மொத்தச் செலவில் ஒரு சிறு பகுதியே. குளிர்சாதனப் பெட்டி, பந்தல், பூ, பட்டாசு, வந்தவர்களுக்குச் சாப்பாடு, பதினாறாம் நாள் காரியம் ஆகியவை எந்த முறையிலும் குறைவதில்லை. கோடித்துணியும் மொய்யும் கொஞ்சம் தாங்கும். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளி இறந்தால் ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். 2019க்கு முன் அது 10,000. தறியிலும் காட்டிலும் கூலி வேலை செய்வோர் பலருக்கு அந்தக் காப்பீடு இல்லை.

தொலைவான கிராமத்திலிருந்து உடலை நகரத்துக்குக் கொண்டுபோனால், வண்டி வாடகையே மேடைக் கட்டணத்தைத் தாண்டிவிடலாம். அதனால்தான் அங்கெல்லாம் இன்னும் குழியும் வறட்டியும் நிற்கின்றன.